சும்மா நின்ற குழாய்

அந்த வாடை செவ்வாய்க்கிழமை விடியும்போதே கிளெனிஸ் அட்டார்டின் மூக்கில் ஏறிவிட்டது. கண் திறப்பதற்கு முன்னால் போர்வையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள்.

நாற்றத்துக்குப் பயந்தவள் அல்ல அவள். மக்காய் ஊர் இறைச்சித் தொழிற்சாலையில், குடல் கழுவும் அறையில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள். மாட்டுக் குடலைப் பிளந்து, உள்ளே இருப்பதைக் கொட்டி, வெந்நீரில் அலசி, அடுத்த ஆளுக்குத் தள்ளுகிற வேலை. பத்தரை மணிக்கு மணி அடித்தால் கையைக் கழுவிக்கொண்டு அந்தச் சுவரோரமே உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த முட்டை சாண்ட்விச்சை நிதானமாகத் தின்பாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்தே வாந்தி எடுப்பார்கள். அப்படிப்பட்டவளுக்கே இந்த வாடை தாங்கவில்லை. செத்த கடல் வாடை. உப்பும் சளியும் கந்தகமும் கலந்தது.

கிளெனிஸ் பிறந்தது ஹாரோவர் வீட்டில், வாக்கர்ஸ்டன் பக்கம். அவள் அப்பா ஆலைக்குக் கரும்பு ரயில் ஓட்டினவர், அம்மா பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிக் கடையில் இருந்தவள். இரண்டு பேரும் அதிகம் பேசாதவர்கள். அவள் கட்டிக்கொண்டது நேர் எதிரான கூட்டத்தை. அட்டார்டு வீட்டுக்காரர்கள் மால்டாத் தீவிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகக் கரும்பு போட்டவர்கள். ஆறு பிள்ளைகள். மூத்தவள் ஜூஸா, அடுத்தவன் நசாரெனு, மூன்றாவது வென்ஸு, பிறகு கார்ம்னி, பிறகு பெயர் வைப்பதற்குள் போய்விட்ட ஒரு குழந்தை, கடைக்குட்டி சார்லி. அந்தக் கடைக்குட்டிதான் கிளெனிஸின் புருஷன். அண்ணன்மார் பேசிப் பேசி அவனுக்கு வாய் திறக்கவே இடம் கிடைக்காமல் போயிற்று என்பார்கள். அது உண்மைதான்.

தொழிற்சாலையில் குடல் அறையை மூடியபோது கையில் கொடுத்து அனுப்பிய தொகையில் கிளெனிஸ் வாங்கியது ஒரே ஒரு பொருள். ஐந்தடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீர், இரண்டு கோமாளி மீன், ஒரு பவளம். கூட வேலை பார்த்த ஒருத்தி கட்டைவிரல் அளவு துண்டாகக் கொடுத்த தோல் பவளம் அது. பதினோரு வருஷத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்திருந்தது. தினமும் சாயங்காலம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்காருவாள். வாழ்நாள் முழுக்க உள்ளே இருக்கும் அசிங்கத்தையே பார்த்த கண்ணுக்கு, அந்தச் சுத்தம் வேண்டியிருந்தது.

சுத்தத்துக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. மேல்தொட்டியின் மூலையில் ஒரு சின்னக் கூண்டு. தண்ணீர் அதன் பல்வரிசை வழியாக வழிந்து உள்ளே விழும். கூண்டுக்குள் இரண்டு குழாய். ஒன்று தண்ணீரை அலமாரிக்குள் இருக்கும் அடித்தொட்டிக்கு இறக்கும். அங்கே வடிகட்டி, பம்பு மறுபடி மேலே தள்ளும். இரண்டாவது குழாய் உயரமாக நிற்கும். அதில் தண்ணீர் போகாது. போகவும் கூடாது. முதல் குழாய் என்றைக்காவது அடைத்துக்கொண்டால், அன்றைக்கு மட்டும் அது வீட்டைக் காப்பாற்றும். அதனால் அதற்குக் காவல் குழாய் என்று பெயர். பதினோரு வருஷத்தில் அதற்கு ஒரு நாள்கூட வேலை வரவில்லை. கிளெனிஸுக்கு அதில் பெருமை.

போன டிசம்பரில் வென்ஸு வந்து சேர்ந்தான். கரும்பு நிலத்தை விற்றாயிற்று. பெண்சாதி டோரிஸ், மகளோடு இருக்கிறேன் என்று பிரிஸ்பேனுக்குப் போய்விட்டாள். ஏன் போனாள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். இரண்டே வாரம் என்று வந்தவன், மரக்கால்கள்மேல் நின்ற அந்த வாடகை வீட்டின் அடியில், கார் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் மறைப்புக் கட்டி ஒரு மெத்தையைப் போட்டுக்கொண்டான். இப்போது மே மாதம்.

வந்த அன்றே தொட்டி அவன் கண்ணில் பட்டது. நாற்பது வருஷம் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சினவன். பம்பு என்றால் தனக்கு மேல் ஆள் கிடையாது என்று நினைப்பு. அடித்தொட்டியில் பாதிதானே தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அதை விளிம்பு வரை நிரப்பிவைப்பான். பிப்ரவரியில் ஒரு புயல் மழை. மின்சாரம் போனது, பம்பு நின்றது, மேலே குழாய்களில் இருந்த தண்ணீரெல்லாம் வழக்கம்போல் கீழே இறங்கியது. இறங்க இடம் இல்லை. தரையில் கொட்டியது.

அந்த வாரம்தான் வீட்டு ஏஜெண்ட் ஆபீஸிலிருந்து டானி என்ற பெண் சோதனைக்கு வந்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவாள். பலகை கறுத்திருந்ததைப் படம் எடுத்துக்கொண்டாள். மறுவாரம் கடிதம் வந்தது. அடுத்த சோதனையில் தரையில் ஈரம் இருந்தால் பதினாலு நாளில் தொட்டி வீட்டை விட்டுப் போக வேண்டும். பிப்ரவரிச் சோதனைக்கு முதல் நாள் வென்ஸுவின் மெத்தையைத் தூக்கிக் காருக்குள் மடக்கித் திணித்து, அதன்மேல் போர்வை போட்டு மறைத்தவளும் கிளெனிஸ்தான். வாடகைச் சீட்டில் பேர் இல்லாத ஆள் அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

அடுத்த சோதனை இந்த வெள்ளிக்கிழமை.

போன சனிக்கிழமை அவள் சந்தைக்குப் போய் வந்தபோது தொட்டி, கஞ்சி கொதிப்பது போலச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வென்ஸு கையில் ரம்பத்தோடு நின்றான். அடித்தொட்டியில் யானைத் தலை மாதிரி ஒரு பம்பு உட்கார்ந்திருந்தது.

"என்ன பண்ணின?"

"சரி பண்ணினேன். உன் பம்பு தும்முற மாதிரி தண்ணி விட்டுட்டிருந்துச்சு. இது குளத்துக்குப் போடறது. அடிச்சுத் தள்ளும்."

"குழாய் தாங்காதே."

"தாங்கலதான். அதுக்கென்ன, பக்கத்துல ஒரு குழாய் சும்மா நிக்குதே. நாலு அங்குலம் அறுத்துவிட்டேன். இப்ப ரெண்டும் இழுக்குது."

கிளெனிஸ் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். காவல் குழாய் குட்டையாகி, வாய் பிளந்து, காற்றும் தண்ணீருமாக விழுங்கிக்கொண்டிருந்தது.

"வென்ஸு, அது சும்மா நிக்கறதுக்குன்னே வெச்சது."

"சும்மா நிக்க ஒரு குழாயா? என் நிலத்துல அப்படி ஒண்ணு இருந்தா பிடுங்கி வித்திருப்பேன்."

"நீ அஞ்சு மாசமா கீழ படுத்திருக்க. உன்ன யாரும் விக்கலியே."

வென்ஸு சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பான். ரோஷம் என்பது அந்த உடம்பில் எந்த இடத்திலும் இல்லை. பழைய பம்பை உடனே போடப் பார்த்தாள் கிளெனிஸ். சார்லி அவள் தோளைத் தொட்டான்.

"நாளைக்கு கார்ம்னி வீட்டுச் சாப்பாடு இருக்கு, கிளென். அங்க வந்து எல்லார் முன்னாலயும் இதையே பேசுவான். திங்கக்கிழமை மாத்திக்கலாம். ஒரு நாள்தானே."

அவள் ஒத்துக்கொண்டாள். பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் வென்ஸுவைவிடத் தன்மேல்தான் அவளுக்கு அதிகம் அருவருப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சரீனாவில் நாத்தனார் கார்ம்னி வீட்டில் பாலாடைக்கட்டி வைத்த பஸ்திட்சியைத் தின்றுவிட்டு, வென்ஸு பம்பின் பெருமையைப் பாடியதை மூன்று மணி நேரம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். கதவைத் திறந்ததும் கம்பளம் காலடியில் சப்பென்றது. அடித்தொட்டியில் பம்பு தண்ணீரில்லாமல் அலறிக்கொண்டிருந்தது. அதிலிருந்த தண்ணீரையெல்லாம் மேலே ஏற்றி, மேலே வடியாமல், விளிம்பு வழியாக வீட்டுக்குள் கொட்டியிருந்தது. விளிம்பு வரை வென்ஸு நிரப்பிவைத்திருந்தானே, அத்தனையும். பலகை இடுக்கு வழியாக வீட்டடியில் சொட்டுச் சத்தம் கேட்டது.

"கண்ணாடி ஒட்டு விட்டுப்போச்சு" என்றான் வென்ஸு. "பழைய தொட்டி. நான் அப்பவே நினைச்சேன்."

திங்கட்கிழமை முழுக்க அவன் தொட்டியின் மூலைகளில் பசை அப்பினான். கிளெனிஸ் மண்டியிட்டுத் துண்டை மாற்றி மாற்றித் தண்ணீரை ஒற்றிப் பிழிந்தாள். கம்பளத்தைச் சுருட்டிக் குப்பைக்கு அனுப்பினாள். மீன்களுக்கு மூச்சு முட்டாமல் உள்ளே ஒரு சின்ன விசிறி மட்டும் ஓடியது. ஒட்டுதான் விட்டதோ என்று அவளுக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. செவ்வாய் காலை அந்த வாடை வராமல் இருந்திருந்தால் முழுசாகவே நம்பியிருப்பாள்.

வாடையைப் பிடித்துக்கொண்டு போனாள். சமையலறை இல்லை. கழிவறை இல்லை. தொட்டியின் மூலைக் கூண்டு. முழங்கைக்கு மேல் சட்டையைச் சுருட்டிவிட்டுக் கையை உள்ளே விட்டாள். தேங்கிய தண்ணீர், வெதுவெதுப்பாக, கஞ்சித்தண்ணீர் போலக் கொழகொழத்தது. இறக்குகிற குழாயின் வாயில் விரல் எதிலோ முட்டியது. வழவழப்பு. இழுத்தாள். வரவில்லை. திருகி இழுத்தாள். சின்ன எலுமிச்சை அளவு நத்தை ஒன்று, சதை பாதி கரைந்து தொங்க, குழாயிலிருந்து கழன்றது. கூடவே கறுப்புத் தண்ணீர் குபுக்கென்று வந்தது.

பாசி தின்னட்டும் என்று அவள் விட்ட நத்தைதான். சனிக்கிழமை போட்ட பம்பின் வேகத்தில் பல்வரிசைக்கு மேலாகக் கூண்டுக்குள் அடித்துவரப்பட்டு, குழாய் வாயில் மூடி போட்டதுபோல் உட்கார்ந்துவிட்டது. மிச்சம் இருந்த குட்டைக் குழாயால் அந்தப் பெரிய பம்புக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. காவலுக்கு நின்றதை ஏற்கெனவே வேலையில் இறக்கியாயிற்று. காவலுக்கு யாரும் இல்லை.

அதை ஒரு தட்டில் வைத்து, காலை ரொட்டி தின்றுகொண்டிருந்த வென்ஸுவின் முன்னால் வைத்தாள்.

"இதான் உன் கண்ணாடி ஒட்டு."

வென்ஸு தட்டைப் பார்த்தான். ரொட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டான். "நத்தைய யாரு தொட்டில விடச் சொன்னது?" என்றான்.

மென்று முடித்துவிட்டு அடுத்த துண்டையும் எடுத்தான். குடல் அறையில் எத்தனையோ பார்த்தாயிற்று. இதைப்போல ஒன்றை அவள் பார்த்ததில்லை.

புதன்கிழமை ஹார்டுவேர் கடையில் உயரக் குழாய் ஒன்று வாங்கி வந்து குட்டைக் குழாயை எடுத்துவிட்டு மாட்டினாள். பெரிய பம்பைத் தூக்கிப் பின்படியில் வைத்தாள். பழைய பம்பைப் போட்டாள். அடித்தொட்டியில் கோடு கிழித்து அதற்குமேல் ஒரு குவளைகூட ஊற்றவில்லை. பிறகு தரையில் உட்கார்ந்து, இறக்குகிற குழாயின் வால்வில் கை வைத்தாள்.

அந்த வேலை அவளுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டியதில்லை. குடல் அறைத் தொட்டியிலும் அதே கதைதான். பம்பு தள்ளுகிற அளவைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கும். இறங்குகிற வழியைத்தான் அதற்குத் தக்கபடி பிடிக்க வேண்டும். ரொம்பத் திறந்தால் குழாய் காற்றை உறிஞ்சிக் கறகறக்கும். ரொம்ப மூடினால் கூண்டில் தண்ணீர் ஏறி, காவல் குழாயில் விழும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் உண்டு. அங்கே சத்தம் அடங்கும். கால் திருகு. பத்து நிமிஷம் காத்திருப்பு. அரைக்கால் திருகு. மறுபடி காத்திருப்பு. சாயங்காலம் நாலு மணிக்குத் தொட்டி வாயை மூடிக்கொண்டது. கூண்டில் தண்ணீர், காவல் குழாயின் வாய்க்கு ஒரு விரல் கீழே அசையாமல் நின்றது. மின்சாரத்தை அணைத்துப் பார்த்தாள். மேலிருந்து இறங்கிய தண்ணீர் அடித்தொட்டியின் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே நின்றுவிட்டது. மறுபடி போட்டாள். பழைய இடத்துக்கே வந்தது.

தோல் பவளம் நாலு நாளாகச் சுருங்கிக் கிடந்தது. அன்று ராத்திரி ஓரத்தில் நாலைந்து விரல்களை மட்டும் நீட்டியது.

வியாழக்கிழமை பல் டாக்டரிடம் போய்விட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பினாள். உள்ளே வரும்போதே கறகறச் சத்தம். வால்வு முழுசாகத் திறந்திருந்தது.

"யாரு திறந்தது?"

"பாதி மூடின வால்வப் பாத்தா எனக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு" என்றான் வென்ஸு. "வழிய விடணும் கிளென். தண்ணிக்கு வழிய விடணும்."

அவள் அலமாரியைத் திறந்தாள். மறுபடி ஒன்றரை மணி நேரம் தரையில் உட்கார்ந்தாள். சத்தம் அடங்கியதும் வால்வின் சிவப்புப் பிடியைக் கழற்றி உடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள். வெறும் தண்டு மட்டும் நின்றது. வென்ஸு சுற்றிச் சுற்றி வந்து அதைப் பார்த்தான்.

"பிடி எங்க?"

"இருக்குற இடத்துல இருக்கு."

"வீட்டு மனுஷன் மேல இவ்ளோ நம்பிக்கையா."

"வீட்டு மனுஷன் யாரு இங்க?"

தரை உலர்ந்துவிட்டது. வினிகர் போட்டு மூன்று தடவை துடைத்தாள். ஆனாலும் வாடை போகவில்லை. மெலிதாக, எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது. அன்று சாயங்காலம் துணி எடுக்க வீட்டடிக்குப் போனபோதுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பலகை இடுக்கு வழியாக இறங்கிய அத்தனை உப்புத் தண்ணீரும் நேராக வென்ஸுவின் மெத்தையில் இறங்கியிருக்கிறது. வெள்ளம் என்று ஒன்று வந்ததை ஒத்துக்கொள்ள மனசில்லாமல், அவன் அதைத் திருப்பிப் போட்டு நாலு ராத்திரி அதன்மேலேயே படுத்திருக்கிறான். நடுவில் ஆள் அளவுக்கு ஒரு பள்ளம். பள்ளத்தில் ஈரம். ஓரமெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பூத்திருந்தது. தலையணையில் எண்ணெய்.

கிளெனிஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். புருஷனைக் கூப்பிட்டாள்.

"சார்லி, இத விடியறதுக்குள்ள குப்பைக் கிடங்குக்குக் கொண்டு போ. போன தடவ நான் ஒளிச்சேன். இந்தத் தடவ நான் தொட மாட்டேன்."

"சரி" என்றான் சார்லி. பிறகு அண்ணனிடம் போய்ச் சொன்னான். அண்ணன், வெயிலில் போட்டால் சரியாகிவிடும், நல்ல மெத்தை என்றான். மெத்தை இருந்த இடத்திலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டானி வந்தாள். இருபத்தைந்து வயசிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தொட்டிக்குப் போனாள். குனிந்து பலகையைக் கையால் தடவினாள். அலமாரியைத் திறந்து பார்த்தாள்.

"காஞ்சிருக்கு" என்றாள். "சத்தமே இல்லையே, ஓடுதா?"

"ஓடுது."

"அந்த ரெண்டாவது குழாய்ல தண்ணியே போகலியே, பரவாயில்லையா?"

"அதுல போகக் கூடாது. போனா ஏதோ தப்புன்னு அர்த்தம்."

டானி தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டாள். சுவரோரம் நின்ற வென்ஸு என்னவோ சொல்ல வாயெடுத்தான். கிளெனிஸ் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டான். டானி சமையலறை, குளியலறை எல்லாம் பார்த்துவிட்டுப் பின்படியில் நின்றாள். மூக்கைச் சுருக்கினாள்.

"ஏதோ வாடை வருதே. கீழயா?"

சார்லியும் சேர்ந்து நாலு பேருமாக இறங்கினார்கள். மறைப்புத் துணியை டானிதான் விலக்கினாள். ஒரு அடி பின்னால் போனாள். கையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"இது என்ன?"

டானியின் கண் சுற்றிலும் போனது. மெத்தை பக்கத்தில் ஒரு காபிக் குவளை, அதில் மிதந்த சிகரெட் துண்டு, சுருண்டு கிடந்த காலுறை, ரேடியோ.

"இங்க யாராவது தூங்கறாங்களா, கிளெனிஸ்?"

வென்ஸு கிளெனிஸைப் பார்த்துச் சிரித்தான். போன தடவை ஒளித்த மாதிரி இப்போதும் எதையாவது சொல்லிச் சமாளிப்பாள் என்ற நினைப்பு அந்தச் சிரிப்பில் இருந்தது. பழைய மெத்தை, தூக்கிப்போட வைத்திருக்கிறோம் என்று சொன்னால் போதும். டானி நம்பிவிடுவாள். கிளெனிஸுக்கு அந்த வார்த்தைகள் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. உடுப்புப் பைக்குள் கை போனது. வால்வுப் பிடி தட்டுப்பட்டது. இன்றைக்குச் சமாளித்தால் அடுத்த வாரம் மறுபடி தரையில் உட்கார்ந்து அந்த வால்வைப் பிடிக்க வேண்டும். அதற்கடுத்த வாரமும். அந்தச் சிரிப்பும் கூடவே இருக்கும்.

"தூங்கறாங்க" என்றாள். "இவர்தான். சார்லியோட அண்ணன். டிசம்பர்லருந்து."

வென்ஸுவின் சிரிப்பு அப்படியே நின்றது. "கிளென்," என்றான், "மேலேருந்து உன்னோட..."

"ஞாயித்துக்கிழமை போறான்" என்றான் சார்லி.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் பேசும்போது குறுக்கே சார்லி பேசியது அந்தக் குடும்பத்தில் அதுதான் முதல் தடவை. மூத்த அக்கா ஜூஸாவிடம் கேட்டால் அவளும் அதையே சொல்வாள்.

"ஞாயித்துக்கிழமைன்னா சரி" என்றாள் டானி. "ஆனா மெத்தை இன்னைக்கே போயிடணும். எனக்குக் குமட்டுது." மெத்தை எப்படி நனைந்தது என்று அவள் கேட்கவில்லை. கிளெனிஸும் சொல்லவில்லை. தொட்டி பற்றி எழுதிய வரியின் கீழே, தரை உலர்ந்திருக்கிறது, தொட்டி இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

மெத்தையைக் கடைசியில் கிளெனிஸ்தான் சார்லியோடு ஒரு முனை பிடித்தாள். வென்ஸுவுக்கு முதுகு வலியாம். தூக்கியபோது அதிலிருந்து பழுப்பாக ஒரு கை அளவு தண்ணீர் அவள் கால்மேல் ஒழுகியது. அன்றைக்கு மூன்று தடவை சோப்புப் போட்டுக் கால் கழுவினாள். அந்தக் காலை நினைத்தால் இப்போதும் முகம் சுளிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கார்ம்னியின் மகள் ரொவெனா வந்து மாமாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். காரில் முன்சீட்டில் உட்கார்ந்து, குளத்துப் பம்பைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டான் வென்ஸு. யாருக்கும் கை காட்டவில்லை. கார் திரும்பியதும் கிளெனிஸ் உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பவளம் முக்கால்வாசி விரிந்திருந்தது. பிடியை எடுத்து வால்வில் மாட்டப் போனாள். பிறகு, இருக்கட்டும் என்று பையிலேயே வைத்துக்கொண்டாள்.

"பாவம் ரொவெனா" என்றான் சார்லி.

"ஏன்?"

"அவ வீட்ல நீச்சல் குளம் இருக்கு."